இளவேனிலும் ஊர்ப்புற நூலகமும்



சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழர் வகுத்த பெரும்பொழுதுப் பகுப்பு. அகப்பாடல்களில் அது காத்திருப்பின் காலம். இளவேனிலில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பொருள்தேடப் போன தலைவன் வரவில்லை, மரங்கள் தளிர்த்துவிட்டன, குயில் கூவுகிறது, தலைவி வழியைப் பார்த்திருக்கிறாள். புதுவையின் ஊர்ப்புறங்களில் இன்று அவ்வாறு காத்திருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், கிளை நூலகத்தின் கவிதை அலமாரியைச் சொல்லலாம். வருவதாகச் சொன்னவர் யார் என்பது பின்னர்த் தெரியவரும்.

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இளவேனில் எவ்வாறு வருகிறது என்பதை முதலில் நோக்குதல் தகும். நவரை நெல் அறுவடையாகிக் களத்துக்கு வருகிறது. சொர்ணவாரிக்கு நாற்று விடும் வேலை தொடங்குகிறது. ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் நீர் உள்வாங்குகிறது. பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடப்படுகின்றன. வில்லியனூரில் லூர்து மாதா ஆலயத் திருவிழா உயிர்ப்புப் பெருநாளை அடுத்து நடக்கிறது. வைகாசியில் திருக்காமீசுவரர் தேர் ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த தேர் அது. அக்கோயில் அம்மையின் பெயர் கோகிலாம்பிகை. கோகிலம் என்றால் குயில். பாரதி புதுவையில் பாடிய குயில், பாரதிதாசன் நடத்திய இதழின் பெயரான குயில் என்று இம்மண்ணுக்கும் அப்பறவைக்கும் உள்ள உறவு பெரிது. அதை இங்கு விரிக்கின் பெருகும்.

நூலகம் பற்றிய பேச்சுக்கு இவற்றைவிட முதன்மையான ஒரு வழக்கம் இப்பருவத்துக்கு உண்டு. இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் சித்திரையில் தொடங்கும் பாரதம் படித்தல் அது. பிற்பகலில் பந்தலின்கீழ் ஊர் கூடுகிறது. ஒருவர் வில்லிபுத்தூராரின் விருத்தத்தைப் பண்ணோடு படிக்கிறார். பிரசங்கியார் அதற்குப் பொருள் விரிக்கிறார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படுகிறது. படுகளமும் தீமிதியும் நிகழும்வரை இது நாள்தோறும் தொடரும். எழுத்தறியாதவர் பலர் அப்பந்தலில் இருப்பர். அவர்கள் நூலைக் கையில் தொட்டவரல்லர். ஆனால் நூலைக் கேட்டவர்கள். ஒரு காப்பியம் முழுவதையும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள்.

ஆகவே, ஊர்ப்புற மக்களிடம் படிக்கும் பழக்கம் இல்லை என்று நகரத்து மேடைகளில் கூறப்படும் குறை முழுமையான உண்மையன்று. அவர்களிடம் இருப்பது கூடிக் கேட்கும் பழக்கம். அதற்குரிய பருவமும் இளவேனிலே. நூலகம் ஊருக்குள் வந்தபோது ஓசையின்றிப் படிக்கும் நகரப் பழக்கத்தைச் சட்டமாக எழுதிச் சுவரில் மாட்டிக்கொண்டு வந்தது. ‘அமைதி காக்கவும்’ என்னும் அந்தப் பலகை தேவையானதுதான். ஆனால் ஆண்டில் சில மாலைகளுக்காவது அதைத் திருப்பி வைத்தால் என்ன?

கல்வி இப்பகுதிக்குப் புதிதன்று. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாகூரில் இயங்கிய வித்தியாதானம் என்னும் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. வில்லியனூருக்கு மேற்கே உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைப் பதிவு செய்கிறது. பெருமைக்குரிய செய்திகள். எனினும் அக்கல்வி வேதமும் சாத்திரமும் சார்ந்த உயர்கல்வி. ஏர் பிடித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடம் இருந்ததாகக் கொள்ள வழியில்லை. பாகூர்ச் செப்பேடுகளோ பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் கண்டெடுக்கப்பட்டுப் பாரிசுத் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. தன் ஊரில் ஒரு கல்விநிலையம் இருந்ததற்கான சான்று ஏறத்தாழ ஐயாயிரம் கல் தொலைவில் ஒரு நூலகத்தில் இருக்கிறது என்பதைப் பாகூர்ச் சிறுவன் அறிய வேண்டுமாயின், அச்செப்பேட்டின் படியும் பொருளும் பாகூர் நூலகச் சுவரில் இருக்க வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று இது.

பொது நூலகத்தின் கதை வேறு. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. சீர்காழியில் தோன்றிய சீ. இரா. அரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னணியில் நின்றது. அப்போது புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அச்சட்டத்தின் பயன் இங்கு எட்டவில்லை. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 18.10.1954 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, அவருள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த பின்னரே நிலைமை மாறியது. ஆகவே, எல்லைக்கு அப்பால் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் நூலக ஆணைக்குழுவின்கீழ் வளர்ந்த நூலகம் ஒன்று. எல்லைக்கு இப்பால் அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் வளர்ந்த கிளை நூலகம் மற்றொன்று. நகரத்தில் 1827இல் தொடங்கப்பெற்று, 1966இல் ரோமன் ரோலந்து பெயரைத் தாங்கிய பெருநூலகம் இவற்றுக்கெல்லாம் தாய் போன்றது. அதன் நடமாடும் நூலகப் பேருந்து சிற்றூர்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது.

நூலைத் தேடி ஊர் போகாவிடில் ஊரைத் தேடி நூல் போக வேண்டும் என்னும் இவ்வெண்ணமும் தமிழ்நாட்டுக்குப் பழையதே. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 21.10.1931 அன்று கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. அரங்கநாதனின் நூலக ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே 1931இல்தான். அவ்விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. இரண்டாம் விதி நூலகருக்கு உரியது என்றால், மூன்றாம் விதி பாவலருக்கும் சேர்த்து எழுதப்பட்டது எனலாம்.

இன்றைய கிளை நூலகத்துக்குள் காலையில் நுழைந்தால் முதலில் தென்படுவோர் செய்தித்தாள் படிக்கும் முதியவர்கள். அடுத்து, போட்டித் தேர்வு நூல்களோடு மூலை மேசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள். இவ்விரு சாராரும் நூலகத்தின் தூண்கள். இவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உட்கார்ந்திருப்போருள் பெண்கள் அரியர். அவர்களுக்கு நூல் பெரும்பாலும் இரவலாகப் பிள்ளைகளின் கைவழியே வீட்டுக்குப் போகிறது. பள்ளி விடுமுறையில் அக்கை ஓய்வாக இருக்கிறது. கத்திரி வெயிலில் வெளியே ஓட முடியாத பிள்ளைக்கு நிழல் வேண்டும். நூலகத்தில் நிழல் இருக்கிறது. ஆண்டில் மற்ற மாதங்களில் அமையாத இவ்வாய்ப்பைச் சித்திரையும் வைகாசியும் தட்டில் வைத்து நீட்டுகின்றன.

நாள்களும் துணை நிற்கின்றன. ஏப்ரல் 2 பன்னாட்டுக் குழந்தை நூல் நாள். ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். நூல்களுக்காகவே வீடு கட்டியவர் அவர். ஏப்ரல் 23, யுனெசுகோ 1995இல் அறிவித்த உலகப் புத்தக நாள். பாவேந்தர் மறைந்தது 1964 ஏப்ரல் 21. பிறந்தது 1891 ஏப்ரல் 29. நான்கு வாரத்துக்குள் இத்தனையும் அடங்கிவிடுகின்றன. இந்நாள்களில் நகரத்தில் சிலைக்கு மாலை விழுகிறது. மாலை விழட்டும், அன்று மாலைப் பொழுதில் பாகூர் நூலகத்தில் ஒரு பக்கமாவது உரக்கப் படிக்கப்பட வேண்டும். மாலைப் பொழுது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. களத்திலும் கட்டட வேலையிலும் இருப்பவர் வீடு திரும்பும் நேரத்துக்குள் கதவு பூட்டப்பட்டுவிட்டால், அவர்களுக்கு நூலகம் என்பது வழியில் தென்படும் ஒரு கட்டடம் மட்டுமே. இரண்டு மாதத்துக்கேனும் மாலை நேரத்தை நீட்டித் தருமாறு துறையிடம் முறையாக விண்ணப்பிக்கலாம். ஒற்றை ஆளாய் நூலகம் நடத்தும் நூலகருக்கு அது சுமையாகாதபடி உடனிருந்து உதவவும் ஆள் வேண்டும். விண்ணப்பம் எழுதுவது எளிது, உடனிருப்பதே அரிது.

எதைப் படிப்பது என்னும் வினாவுக்கு விடை தொலைவில் இல்லை. வாணிதாசன் 1915இல் வில்லியனூரில் பிறந்தவர், பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தவர், 1974இல் மறைந்தவர். இவ்விரு கொம்யூன்களையும் ஒரே வாழ்க்கையால் இணைத்த பெருங்கவிஞர். பாவேந்தரிடம் பயின்று, தாமும் ஆசிரியராய்ப் பணியாற்றி, ‘தமிழச்சி’, ‘கொடிமுல்லை’, ‘எழிலோவியம்’ என நூல்கள் தந்தவர். தமிழகத்தின் வேர்ட்சுவொர்த்து என்று அவரைப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலக் கவிஞரின் பெயரைச் சொல்லித்தான் வில்லியனூர்க் கவிஞரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்பது பாராட்டா, குறையா என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். வேர்ட்சுவொர்த்தின் ஏரிகளைக் காணக் கடல் கடந்து செல்வோர் உண்டு. வாணிதாசன் பாட்டில் உள்ள வயலையும் வாய்க்காலையும் காணப் பாகூர்ச் சிறுமி தன் தெருமுனையைத் தாண்டினால் போதும். ஆனால் அவ்வயலைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்பதை அவளுக்குச் சொல்வார் வேண்டும்.

அவர் நூல்களுள் ஒன்றின் பெயர் ‘சிரித்த நுணா’. நுணா வேலியோரத்திலும் தரிசிலும் தானே முளைத்து நிற்கும் மரம். வெண்மையான சிறு பூ. மஞ்சள் பாரித்த கட்டை. இன்றைய பிள்ளைகளுள் எத்தனை பேர் அதைப் பெயர்சொல்லிக் காட்டுவர்? விடுமுறையில் ஒரு காலைப்பொழுது வெயில் ஏறுமுன் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, நுணாவைக் காட்டி, அங்கேயே நின்று அக்கவிஞரின் பாட்டைப் படிக்கச் செய்வது எந்த நூலகமும் செய்யக்கூடிய பணி. சிறுவர்க்குப் பாடிக்காட்ட ம. இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’ இருக்கிறது. 2011இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்ற நூல். அவரும் புதுவையில் ஆசிரியப் பணியாற்றி, இம்மண்ணிலேயே வாழ்ந்து 2018இல் மறைந்தவர். பாட்டுக்குப் பஞ்சமில்லை, குரலுக்குத்தான் பஞ்சம்.

இனி, வருவதாகச் சொன்னவர் யார் என்னும் முதல் வினாவுக்கு வரலாம். மக்களுக்காகப் பாடுகிறோம் என்று முன்னுரையில் எழுதாத பாவலர் இல்லை. நூல் சில நூறு படிகள் அச்சாகிறது. நகர அரங்கில் வெளியீடு நடக்கிறது. முதற்படி, இரண்டாம்படி, பொன்னாடை, நினைவுப் பரிசு. மீதிப் படிகள் பாவலருக்குப் பாவலர் கைமாறி, கட்டிலின்கீழ்ப் பெட்டியில் அடங்குகின்றன. வில்லியனூர்க் கிளை நூலகத்துக்கு ஒரு படி கொண்டுபோய்க் கொடுத்தவர் எத்தனை பேர் என்று இவ்வவையில் கைதூக்கச் சொன்னால் சங்கடமாகும். ஆகவே அது வேண்டா.

ஊர்ப்புறத்தாருக்குப் புதுக்கவிதை விளங்காது என்னும் மறுப்பு எழும். வில்லிபுத்தூராரின் விருத்தத்தைவிட இன்றைய புதுக்கவிதை கடினமானதன்று. விருத்தம் விளங்குவது அருகிலிருந்து ஒருவர் பொருள் விரிப்பதால். தம் கவிதைக்கு அருகில் அமர்ந்து, அது எங்கே பிறந்தது, எந்தச் சொல் எதற்காக நின்றது என்று எளிய தமிழில் எடுத்துரைக்கும் பொறுமை பாவலருக்கு இருந்தால், கேட்கும் பொறுமை ஊருக்கு உண்டு. பாவலர் பாவலருக்கே படித்துக் கைதட்டிக்கொள்ளும் பாவரங்கத்தைப் பேருந்தில் ஏற்றிப் பாகூருக்குக் கொண்டுபோவதால் பயனில்லை. இரண்டு பாவலர், ஒரு நூலகர், முப்பது பிள்ளைகள், அவர்தம் தாய்மார் சிலர், ஒரு குடம் நீர்மோர் என்ற அளவில் அமைந்தால் போதும். பொன்னாடை வேண்டா, இளவேனிலில் அது புழுங்கும்.

வரும் ஏப்ரல் 29 மாலை, வட்டத்தின் மாதக் கூட்டத்தை நகர அரங்கிலிருந்து வில்லியனூர் நூலகத்துக்கும், மே மாதக் கூட்டத்தைப் பாகூர் நூலகத்துக்கும் மாற்ற வட்டம் முடிவெடுக்கலாம். துறையின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும். வருவோர் ஒவ்வொருவரும் தம் நூலில் இரண்டு படி கொண்டுவர வேண்டும். ஒன்றில் எழுத்தாளர் கையொப்பமிட்டு, அன்று நன்றாகக் கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மற்றொன்றை நூலகர் வாங்கிச் சேர்க்கைப் பதிவேட்டில் எண்ணிட்டு, முதற்பக்கத்தில் முத்திரை குத்தி, இரவல் தாளை உள்ளட்டையில் ஒட்டுவார். அத்தாளில் முதல் தேதி விழும்வரை அந்நூலை அலமாரியில் செருகாமல், வாயிலருகே செய்தித்தாள் மேசையின் மேல் திறந்தே வைத்திருக்குமாறு அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.