மாலை வாங்கி வராத தூது: இணையச் செயலிகளில் வழு காணும் முறை

 

தூது என்னும் சிற்றிலக்கியத்தின் அமைப்பை இவ்வவை நன்கறியும். காதல் வயப்பட்ட தலைவி, அன்னம், கிளி, முகில், வண்டு முதலிய பத்துப் பொருள்களுள் ஒன்றைத் தலைவன்பால் விடுக்கிறாள். அதன் பெருமையைப் பேசுகிறாள். சொல்லத் தகும் பொழுது எது, தகாத பொழுது எது என்று அறிவுறுத்துகிறாள். ஈற்றில் அவன் மார்பின் மாலையை வாங்கி வருமாறு வேண்டுகிறாள். அத்துடன் கலிவெண்பா முற்றுப்பெறுகிறது. சென்ற தூது மீண்டதா, மாலையுடன் மீண்டதா, வெறுங்கையுடன் மீண்டதா என்பது நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. புலவர்க்கு அக்கவலை இல்லை.

இணையச் செயலி எழுதும் நிரலாளர்க்கோ, நூல் முடியும் அவ்விடத்தில்தான் தொல்லை தொடங்குகிறது. கவிஞர்கள் தம் கவிதைகளை இணையத்தில் ஏற்றுவதும் தேடுவதும் வழக்கமாகிவிட்ட இந்நாளில், அத்தொல்லை நிரலாளரோடு நிற்பதில்லை. நாற்பது அடி எழுதி 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தியவரின் கவிதை சென்று சேராமலே போவதுண்டு. 'அனுப்பப்பட்டது' என்று திரையும் பொய் சொல்வதுண்டு. அது எவ்வாறு நேர்கிறது, நேர்ந்ததை எவ்வாறு கண்டறிவது என்பதே இவ்வுரையின் பொருள்.

தொடக்கக் கால இணையத்தில் இச்சிக்கல் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறைந்து, புதிய பக்கம் முழுவதுமாக வரும். வந்தால் வந்தது, வராவிட்டால் வெற்றுத்திரை. ஐயத்துக்கு இடமில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1999 மார்ச்சில் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்னும் உலாவியில் எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்னும் கருவி ஒன்று இடம்பெற்றது. அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியின் வழியே படிப்பதற்கு உதவியாக அந்நிறுவனத்தார் உருவாக்கியது அது. பக்கம் இருந்தபடியே இருக்க, பின்னணியில் வழங்கிக் கணிப்பொறிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்பி, வரும் மறுமொழியைக் கொண்டு பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் மாற்ற அதனால் இயன்றது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் நிலப்படமும் இம்முறையைப் பெருவழக்காக்கின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பார் இதற்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயரிட்டார். அப்பெயரின் ஈற்றெழுத்து எக்ஸ்எம்எல் என்னும் வடிவத்தைக் குறிப்பது. சில ஆண்டுகளிலேயே அவ்வடிவத்தின் இடத்தை ஜேசன் கைக்கொண்டது. பொருள் பெயர்ந்த பின்னும் பெயர் நிலைத்தல் சொல்லாராய்ச்சி செய்வார்க்குப் புதிதன்று.

இம்முறையின் உயிர்நாடி காத்திராமை. நிரல் தூதை விடுக்கிறது. அது மீளும்வரை நிற்பதில்லை. அடுத்த வரிக்குச் சென்றுவிடுகிறது. புதியவர் இடறும் முதற்படி இதுவே. ஒரு வரியில் வேண்டுகோளை அனுப்பி, அடுத்த வரியிலேயே மறுமொழியைத் திரையில் இடுமாறு எழுதுவார். திரையில் ஒன்றும் தோன்றாது. வழங்கி ஒன்றும் தரவில்லை எனக் கருதி, வழங்கியின் நிரலை நாட்கணக்கில் துருவுவார். வழங்கி தந்தது, கால் நொடி கழித்துத் தந்தது. அதற்குள் கேட்ட வரி கடந்து போய்விட்டது.

இதனை ஒழுங்குபடுத்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015-இல் 'பிராமிஸ்' என்னும் அமைப்புச் சேர்ந்தது. வாக்குறுதி என்னும் அதன் பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. 2017-இல் 'அவெயிட்', அதாவது காத்திரு, என்னும் சொல் வந்தது. இந்தச் சொல்லை ஓரிடத்தில் விட்டுவிட்டால், கிடைப்பது மாலையன்று. மாலை தருவேன் என்னும் வாக்கு மட்டுமே. திரையில் பெயர்கள் நிற்க வேண்டிய இடத்தில் 'ஆப்ஜெக்ட் பிராமிஸ்' என்ற இரு சொற்கள் நிற்கக் கண்டால், காத்திருக்க மறந்த இடம் ஒன்று உண்டென்று துணியலாம்.

இனி, மீண்ட தூது கொணர்ந்தது யாது என்னும் வினா. ஜேசன் என்பது தரவை எழுத்துவடிவில் கட்டித்தரும் முறை. டக்ளஸ் கிராக்ஃபோர்ட், சிப் மார்னிங்ஸ்டார் ஆகிய இருவரும் 2001 ஏப்ரலில் முதல் ஜேசன் செய்தியை அனுப்பினர். அம்முதற் செய்தியே பிழைபட்டது என்பது சுவையான வரலாறு. செய்தியுள் 'டூ' என்ற சொல்லை ஒரு பெயராக வைத்திருந்தனர். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ அச்சொல் மொழிக்கே உரியதென ஒதுக்கப்பட்ட சொற்களுள் ஒன்று. ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலை நீட்டி எழுதுவதினும், எல்லாப் பெயர்களையும் இரட்டை மேற்கோட் குறிக்குள் அடைத்துவிடுவதே எளிதென முடிவு செய்தனர். இன்றும் ஜேசனில் ஒற்றை மேற்கோட் குறி செல்லாது. குறியின்றிப் பெயர் நிற்பதும் செல்லாது. அம்முதல்நாட் பிழையின் தழும்பு அது.

தமிழிலக்கணம் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று காட்டும். இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல் மொழி வழுவமைதிக்குப் பெரிதும் இடந்தருவது. அடைக்காத குறிகளையும் உலாவி தானே அடைத்துப் படித்துக்கொள்ளும். ஜேசனோ வழுவமைதி அறியாதது. பட்டியலின் இறுதி உறுப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி மிகுந்தாலும் முழுத்தரவையும் ஏற்க மறுக்கும். உரைக்குறிப்பு எழுதவும் இடமில்லை. இக்கண்டிப்பைக் குறைகூறுவார் பலர். ஆயினும் பிழையை உடனே உரக்கச் சொல்வது நன்றே. ஓசையின்றி ஏற்றுக்கொண்டு பின்னர் வேறோரிடத்தில் வெடிப்பதே தீது.

நிரலாளர் மிகுதியாகக் காணும் பிழைச்செய்தி ஒன்றுண்டு: முதல் இடத்திலேயே எதிர்பாராத குறி, அதுவும் '<' என்னும் கோணக்குறி, என்பது அதன் பொருள். ஜேசனை ஆய்ந்தவர் பலர் தம் ஜேசனில் அக்குறி எங்கே எனத் தேடி அலுத்திருப்பர். அது ஜேசனில் இல்லை. வந்தது ஜேசனே அன்று. கோணக்குறியில் தொடங்குவது எச்டிஎம்எல் பக்கம். பெரும்பாலும் நடந்தது இதுவாக இருக்கும்: பயனர் உள்நுழைந்து நெடுநேரம் ஆகிவிட்டது, வழங்கி அவரை அடையாளம் காணாது உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, தூதும் ஒன்றும் உரையாது அவ்வழியே சென்று, அப்பக்கத்தையே வாங்கி வந்துவிட்டது. அல்லது வழங்கியின் நிரல் ஓர் எச்சரிக்கை வரியை ஜேசனுக்கு முன்னே அச்சிட்டுவிட்டது. எவ்வாறாயினும், வர வேண்டியதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்ததை ஆராய்பவர்க்கு இது புலப்படாது. சுவடியில் உள்ள பாடத்தை விடுத்துத் தாம் கருதிய பாடத்தையே படிக்கும் பதிப்பாசிரியர்க்கும் இவர்க்கும் வேறுபாடில்லை.

வந்ததை வந்தபடியே காண வழியுண்டு. பெரும்பாலான கணிப்பொறிகளில் எஃப் 12 விசையை அழுத்தினால் உலாவியின் நிரலாளர் கருவிகள் திறக்கும். அதில் 'நெட்வொர்க்' என்னும் பகுதி, சென்ற ஒவ்வொரு வேண்டுகோளையும் அதன் மறுமொழியையும் வரிசையாகக் காட்டும். முதலில் காண வேண்டுவது நிலை எண். 200 எனின் முறையான மறுமொழி. 404 எனின் அப்பெயரில் ஒன்றும் இல்லை. 500 எனின் வழங்கியின் உள்ளேயே பிழை. அடுத்துக் காண்பது உள்ளடக்கத்தின் வகை: ஜேசனா, எச்டிஎம்எல்லா? அதன் பின்னரே உள்ளடக்கம். இவ்வரிசை தவறுவதால் வீணாகும் நேரம் பெரிது.

நிலை எண்ணைப் பற்றி ஒரு நுட்பம். இக்காலத்தில் வேண்டுகோள் அனுப்பப் பயன்படும் 'ஃபெட்ச்' என்னும் ஏவல், 404, 500 ஆகியவற்றைத் தோல்வியாகக் கொள்வதில்லை. வாயிலை அடைந்து 'இல்லை' என்னும் சொல்லைக் கேட்டு மீண்ட தூதும் தன் கடமையை முடித்த தூதே என்பது அதன் கருத்து. வழியே அறுந்தாலன்றி அது தோல்வி என்னாது. எனவே மறுமொழி நலமானதா என்று நிரலாளரே கேட்டறிய வேண்டும். கேட்க மறந்த நிரல்தான் 'அனுப்பப்பட்டது' என்று பொய் சொல்லும் நிரல்.

கருவிகளும் சிலபோது மயக்கும். பொருளொன்றைக் கன்சோல் பகுதியில் அச்சிட்டு, பின்னர் அதை விரித்துப் பார்த்தால், அச்சிட்ட கணத்தின் நிலையை அது காட்டாது. விரித்த கணத்தின் நிலையையே காட்டும். அச்சிட்டபோது வெறுமையாக இருந்தது, விரிக்கும்போது நிறைந்திருக்கும். தரவு இருக்கிறதே, ஏன் திரையில் வரவில்லை என்று மயங்குவதற்கு இதுவே காரணம். பொருளை எழுத்துச்சரமாக மாற்றி அச்சிடின் மயக்கம் தீரும்.

எண்களிலும் ஓர் இடர் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் தன் இயல்பான எண்வகையில் 9007199254740991 வரையிலான முழு எண்களையே ஐயமின்றிக் காக்கும். 9007199254740993 என்று வழங்கி அனுப்பினால், உலாவியில் அது 9007199254740992 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வாராது. டிவிட்டர் நிறுவனம் 2010-இல் தன் பதிவெண்களின் அமைப்பை மாற்றியபோது, இதனை முன்னுணர்ந்து, ஒவ்வோர் எண்ணையும் எழுத்துச்சரமாகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. நெடிய எண்களை மேற்கோட் குறிக்குள் அனுப்புவதே இன்றும் தக்க வழி.

தமிழ் எழுத்தைச் சார்ந்த சிக்கல் கவிஞர்கள் அறிய வேண்டுவது. யூனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறியை ஒன்றாக இடுவது ஒரு வகை. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வெவ்வேறு. ஜேசன் தான் பெற்றதை மாற்றாது கொண்டு சேர்க்கும். ஒன்றாக்குவது அதன் வேலையன்று. ஒரு வகையில் ஏற்றிய 'கொன்றை' மற்றொரு வகையில் தேடுவார்க்குக் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் சரத்தை ஒரே வடிவுக்கு இயல்பாக்கிக்கொண்டால் இது தீரும். ஆயினும் 'கௌரி' என்பதை எகரக் கொம்பும் ளகர எழுத்தின் உருவும் கொண்டு 'கெளரி' எனத் தட்டச்சு செய்வார்க்கு எந்த இயல்பாக்கமும் உதவாது. அங்கே ளகரம் உண்மையிலேயே ஓர் எழுத்தாக நிற்கிறது. அதனைத் திருத்தத் தமிழறிந்தவர் கண்ணே வேண்டும்.

நீளத்தை அளப்பதிலும் கருத்து வேண்டும். 'தமிழ்' என்பதில் எழுத்து மூன்று. யூனிகோடு குறிகள் ஐந்து. ஜேசனுக்கு உரிய யுடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள். நூறு பைட்டு மட்டுமே கொள்ளும் தலைப்புப் பெட்டியில் ஆங்கிலத் தலைப்பு இனிதே அடங்கும். தமிழ்த் தலைப்பு முப்பத்து மூன்று குறிகளுடன் இடையில் வெட்டுண்ணும், சிலபோது ஓரெழுத்தின் நடுவிலேயே.

எல்லாவற்றினும் பிடிபடாத வழு, தூதுகள் மீளும் வரிசையில் நேர்வது. நூலகத் தளமொன்றில் ஒருவர் தேடுபெட்டியில் 'க' என்று தட்டுகிறார். ஒரு தூது புறப்படுகிறது. உடனே 'கம்' என்று நீட்டுகிறார். அடுத்த தூது புறப்படுகிறது. ககரத்தில் தொடங்கும் நூல்கள் பல. ஆதலின் முதல் தூது சுமையுடன் மெல்ல வருகிறது. இரண்டாம் தூது விரைந்து வந்து சரியான பட்டியலைத் தருகிறது. அதன் பின் முதல் தூது வந்து அதன்மேல் பழைய பட்டியலை எழுதிவிடுகிறது. பெட்டியில் 'கம்' என்றிருக்க, கீழே வேறு நூல்கள் நிற்கின்றன. நிரலாளரின் மேசையில் இது நேர்வது அரிது. அங்கே வழங்கியும் உலாவியும் ஒரே கணிப்பொறியில் இருப்பதால் தூதுகள் பெரும்பாலும் சென்ற வரிசையிலேயே மீளும். தொலைவில், மெல்லிய இணைப்பில் உள்ளவர்க்கே நேரும். அவர் முறையிட்டால் 'இங்கே சரியாக இருக்கிறதே' என்னும் விடையே கிடைக்கும். நிரலாளர் கருவிகளில் இணைப்பின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. அதனைக் கொண்டு சோதித்தால் முறையிட்டவர் சொன்னது மெய்யென்று தெரியும். தீர்வும் கடினமன்று. ஒவ்வொரு தூதுக்கும் ஓர் எண் இட்டு, இறுதியாக விடுத்ததன் எண்ணை உடையதை மட்டும் ஏற்கலாம்; அல்லது புதியதை விடுக்கும்போதே பழையதை நிறுத்திவிடலாம்.

இனி, தொடக்கத்தில் கூறிய நாற்பது அடிக் கவிதை. பொத்தானை அழுத்தியவுடன் மறுமொழிக்குக் காத்திராது 'அனுப்பப்பட்டது' என்று காட்டி, எழுதிய பெட்டியையும் வெறுமையாக்கிவிடும் நிரல்கள் உள்ளன. விரைவு தோன்றவேண்டும் என்பது அவர்தம் நோக்கம். பிழை நேர்ந்தால் பிடிக்கவென்று 'கேட்ச்' என்னும் பகுதி எழுதி, அதனுள் ஒன்றும் எழுதாது விடுவாரும் உளர். பிழை அங்கே வந்து விழுந்து, ஓசையின்றி அழியும். கவிதைக்குப் படியும் இல்லை, தடயமும் இல்லை. வழங்கி ஏற்றேன் என்று சொல்லும்வரை பெட்டியில் உள்ளதைத் தொடாதிருத்தலும், தோல்வி எனின் காரணத்தோடு சொல்லுதலும் செயலி எழுதுவார்க்கு அரிய செயல்களல்ல.

எதிர்ப்பக்கத்து இடரும் உண்டு. வேண்டுகோள் வழங்கியை அடைந்து, கவிதையும் சேமிக்கப்பட்டு, மறுமொழி மட்டும் வழியில் அறுந்துபோகலாம். எழுதியவர் மீண்டும் அழுத்துவார். ஒரே கவிதை இருமுறை ஏறும். இதற்காகக் கவிதை எழுதத் தொடங்கும்போதே உலாவி அதற்கென ஒரு தனி அடையாள எண்ணை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணே உடன் செல்லும். அவ்வெண்ணை முன்னரே கண்ட வழங்கி, இரண்டாம் படியை ஏற்றாது, முதற்படி இருக்கிறது என்னும் மறுமொழியை மட்டும் மீண்டும் அனுப்பிவைக்கும்.