ஈராண்டு அறிவியல் பட்டமும் பொதுப் பாடங்களும்

நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஓர் ஆண்டு ஜூன் மாதம், பள்ளியின் கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், கணிதம், சரித்திரம் என்று வரிசையாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனேன். கடைசியில் ஆய்வுக்கூட வகுப்புக்கு வந்தேன். பள்ளிக்கு இருந்ததோ ஒரே ஆய்வுக்கூடம். அதற்கு அடுத்தடுத்து இரண்டு பீரியடுகள் வேண்டும். அப்படி இரண்டு கட்டங்கள் எங்கும் காலியாக இல்லை. இரண்டு நாள் வேலை வீணாயிற்று. அருகே இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, நகராததை முதலில் வை, நகரக்கூடியது தானே இடம் தேடிக்கொள்ளும்" என்றார். அன்று முதல் ஓய்வு பெறும் வரையில் நான் போட்ட அட்டவணைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின்மீது நின்றவை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அந்த வாக்கியமே திறவுகோல். பொருள் அமெரிக்க நாட்டுக் கல்வியைச் சேர்ந்தது. அங்கே ஈராண்டுக் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்று, பின்பு நாலாண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர விரும்பும் மாணவன், தன் பொதுக் கல்விப் பாடங்களை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே கேள்வி. உங்களில் சிலர் அந்நாட்டுக்குச் செல்லக்கூடும். பலருக்கு அங்கே உறவினர் இருக்கக்கூடும். செல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஒரு பள்ளித் தலைமையாசிரியரோடு தொடர்புடையது என்பதைச் சொல்வதில் எனக்குச் சற்றுப் பெருமை. இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் உயர்நிலைப் பள்ளியை நடத்தி வந்தவர் ஜே. ஸ்டான்லி பிரவுன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். இவ்விருவரும் கலந்து யோசித்ததன் பயனாக, 1901-ஆம் ஆண்டில், ஆறே மாணவர்களோடு ஜோலியட் இளநிலைக் கல்லூரி தோன்றியது. ஊரைவிட்டுப் போக வசதியில்லாத பிள்ளைகள் ஊரிலேயே இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைப் படித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றும் நடைபெற்று வரும் பொது ஈராண்டுக் கல்லூரிகளில் மிகப் பழையது அதுவே. 1947-ஆம் ஆண்டில் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்கும்படி பரிந்துரைத்தது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரும் அதன் பிறகே பரவலாயிற்று. இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

இக்கல்லூரிகள் தரும் பட்டத்துக்கு அசோசியேட் பட்டம் என்று பெயர். வழக்கமான அளவு 60 அலகுகள். ஒரு பருவத்துக்கு 15 வீதம் நான்கு பருவங்கள். இந்த அறுபதுக்குள் இரண்டு வகைப் பாடங்கள் குடியிருக்க வேண்டும். ஒன்று, மாணவன் எடுத்துக்கொண்ட துறைக்குரிய பாடங்கள். மற்றொன்று, எல்லா மாணவருக்கும் பொதுவான கல்வி: எழுத்துப் பயிற்சி, பேச்சு, கணிதம், கலை, சரித்திரம், சமூகவியல், அறிவியல் என்பன. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் வாழ்வது போலத்தான். யாருக்கு எந்த அறை என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் சச்சரவு வரும்.

கலிபோர்னியாவின் ஏற்பாட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, அம்மாநிலத்தின் இரு பெரும் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே பாடத்தொகுப்பு வகுக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டு இலையுதிர் பருவம் முதல் நடைமுறைக்கு வந்தது. கால்-ஜெடெக் என்பது அதன் பெயர். அதில் 11 பாடங்கள், 34 அலகுகள். எழுத்து, ஆராய்ந்து சிந்தித்தல், மேடைப்பேச்சு ஆகியவற்றில் மூன்று பாடங்கள், கணிதம் ஒன்று, கலையும் இலக்கியமும் சேர்ந்து இரண்டு, சமூக இயல்கள் இரண்டு, பௌதிக அறிவியல் ஒன்று, உயிரியல் ஒன்று, அவற்றோடு ஓர் ஆய்வுக்கூடப் பயிற்சி, இன மரபு ஆய்வு ஒன்று. ஒவ்வொன்றிலும் 'சி' தரமாவது பெற்றாக வேண்டும்.

அறுபதில் முப்பத்து நான்கு போனால் மிச்சம் இருபத்தாறுதானே, அதில் அறிவியலை எப்படி அடக்குவது என்று நீங்கள் மலைக்கலாம். சற்றுக் கூர்ந்து பாருங்கள். பொதுத் தொகுப்பில் வரும் கணிதமும், இரண்டு அறிவியலும், ஆய்வுக்கூடமும் சேர்ந்து 10 அலகுகள். அறிவியல் மாணவன் தன் துறைக்காகப் படிக்கும் பாடங்களே இந்தப் பத்தையும் பெரும்பாலும் நிறைவேற்றிவிடும். ஆகவே அவன் தனியாகப் படிக்கவேண்டிய பொதுப் பாடங்கள் எட்டுத்தான். அதாவது 24 அலகுகள். நான்கு பருவங்களுக்குப் பங்கிட்டால் பருவத்துக்கு இரண்டு பாடம். ஆனால் ஓர் எச்சரிக்கை: பௌதிகத்தையோ இரசாயனத்தையோ துறையாகக் கொண்டவன் உயிரியல் ஒன்றைத் தேடி எடுக்கவேண்டும். தன் துறைப் பாடங்கள் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும் என்று எண்ணி ஏமாறலாகாது.

இனி அறிவியல் பாடங்களின் தன்மையைப் பார்ப்போம். அவை சங்கிலி போன்றவை. ஒரு கண்ணியைத் தாண்டி அடுத்த கண்ணிக்குப் போக முடியாது. பொது இரசாயனம் இரண்டு பருவம். அதை முடித்தவனுக்கே கரிம இரசாயனம். அதுவும் இரண்டு பருவம். நுண்கணிதம் அறியாதவனுக்குப் பொறியியல் மாணவருக்குரிய பௌதிகம் இல்லை. நுண்கணிதத்துக்கு முன் இயற்கணிதமும் திரிகோணமிதியும் கைவந்திருக்க வேண்டும். உயிரியல் துறையை நாடும் மாணவனுக்கு இரசாயனச் சங்கிலி ஒன்றே நான்கு கண்ணிகளைக் கொண்டது; அவன் கையில் இருக்கும் பருவங்களும் நான்கே. முதல் பருவத்தில் தொடங்காவிட்டால் சங்கிலி முடிவதற்குள் பருவங்கள் முடிந்துவிடும். சிறிய கல்லூரிகளில் சில பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறையே நடைபெறும். அங்கே ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறியதாகும்.

பொதுப் பாடங்களுக்கு இத்தகைய சங்கிலி பெரும்பாலும் இல்லை. சரித்திரத்தை முதல் பருவத்திலும் படிக்கலாம், நான்காம் பருவத்திலும் படிக்கலாம். நகராதது எது, நகரக்கூடியது எது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் குடியிருக்கிறார். அவருடைய மகள் ஈராண்டுக் கல்லூரி ஒன்றில் உயிரியல் படிக்கச் சேர்ந்தாள். "பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிடு, பிறகு நிம்மதியாக அறிவியல் படிக்கலாம்" என்று அங்கே யாரோ ஆலோசனை கூறினார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. அவளும் முதல் ஆண்டிலேயே எட்டுப் பொதுப் பாடங்களையும் முடித்தாள்; எல்லாவற்றிலும் நல்ல தரம். இரண்டாம் ஆண்டில் பொது இரசாயனத்தையும் நுண்கணிதத்தையும் தொடங்கினாள். ஆண்டு முடிந்தபோது கரிம இரசாயனம் தொடப்படாமலே நின்றது. அவள் சேர விரும்பிய பல்கலைக்கழகம் அதை எதிர்பார்த்தது. மேலும் ஓராண்டு, மூன்று கனமான அறிவியல் பாடங்களை ஒருசேரச் சுமந்து, எழுத்தும் இலக்கியமும் தரக்கூடிய சிறு இளைப்பாறுதல்கூட இல்லாமல் அவள் பட்ட சிரமத்தைத் தந்தையார் தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது, "ஐயா, பெண் ஒரு பரீட்சையில்கூடத் தவறவில்லையே, எப்படி ஓராண்டு போயிற்று?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனத்தைத் தைத்தது. அவள் படிப்பில் தவறவில்லை; வரிசையில் தவறிவிட்டாள். வரிசையைச் சொல்லித்தர வேண்டியவர்கள் நாம் அல்லவா?

ஆகவே முதல் விதி: துறைச் சங்கிலியை நான்கு பருவங்களிலும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பருவத்துக்கு இரண்டு பொதுப் பாடங்களை இடையே நட வேண்டும். முதல் பருவத்தில் 5 அலகு இரசாயனம், 4 அலகு நுண்கணிதம், 3 அலகு எழுத்துப் பயிற்சி, 3 அலகு வேறொரு பொதுப் பாடம் என்று வைத்தால் சரியாக 15 ஆகிறது. எழுத்துப் பயிற்சியை முதலிலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆராய்ந்து சிந்தித்தல் என்ற அடுத்த பாடத்துக்கு அதுவே படிக்கட்டு. ஆய்வுக்கூட அறிக்கையைத் தெளிவாக எழுதவும் அதுவே துணை.

இரண்டாம் விதி: போய்ச் சேரவேண்டிய இடத்தை முதலில் விசாரிக்க வேண்டும். திருச்சிக்குப் போகிறவன் டிக்கெட் வாங்கிய பின்பா ஊரை முடிவு செய்வான்? எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடமாக ஏற்கப்படும் என்பதைக் காட்டும் பட்டியல்கள் கலிபோர்னியாவில் அசிஸ்ட் என்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. இல்லினாய் மாநிலத்திலும் பல கல்லூரிகள் ஒப்புக்கொண்ட பொதுத் தொகுப்பு உண்டு. அதில் 12 அல்லது 13 பாடங்கள், 37 முதல் 41 அலகுகள். மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். பட்டத்தின் பெயரும் ஏமாற்றும். பயன்முறை அறிவியலில் தரப்படும் அசோசியேட் பட்டம் பெரும்பாலும் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஃபுளோரிடா மாநிலத்திலோ, பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் அறிவியல் மாணவன்கூடக் கலைப் பெயர் தாங்கிய அசோசியேட் பட்டத்தையே நாடுகிறான். அறிவியல் பெயர் தாங்கியது அங்கே பெரும்பாலும் தொழிலுக்கு ஆயத்தம் செய்வது.

இவ்விசாரணை இல்லாததால் விளையும் நஷ்டம் சிறிதன்று. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் தாம் சேர்த்திருந்த அலகுகளில் சராசரியாக நூற்றுக்கு 43 பங்கை இழந்தார்கள் என்று மதிப்பிட்டது. நூறு ரூபாய் சேர்த்தவன் ஐம்பத்தேழோடு வீடு திரும்பியதற்கு ஒப்பாகும் இது. இழந்தது பணம் மட்டுமன்று, இளமையின் மாதங்களும்தான்.

மூன்றாவதாக ஒன்று சொல்லவேண்டும். நகரக்கூடியது என்று நான் சொன்னதால், பொதுப் பாடம் மதிப்புக் குறைந்தது என்று யாரும் கருதிவிடலாகாது. உயிரியல் மாணவனுக்கு இரசாயனம் 20, நுண்கணிதம் 8, உயிரியல் 10 என்று கூட்டினாலே 38 ஆகிறது. பொதுப் பாடம் 24 சேர்ந்தால் 62. பௌதிகம் இன்னும் சேரவில்லை. இந்த நெருக்கடியை உணர்ந்துதான் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சில அறிவியல் துறைகளில் 66 வரை செல்ல இடம் அளித்தது. ஓரிரு பொதுப் பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின் முடிப்பதற்கு நிபந்தனையோடு இசையும் ஏற்பாடுகளும் உண்டு. இடத்தை மாற்ற வழி செய்தார்களே ஒழிய, பொதுக் கல்வியை அடியோடு நீக்கிவிட எவரும் துணியவில்லை. ஏன்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று சுதந்திர சமுதாயத்தில் பொதுக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது அப்பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கானன்ட் இரசாயன விஞ்ஞானி. அணுகுண்டு முயற்சியின் நிர்வாகத்திலும் பங்கு கொண்டவர். அறிவியலின் ஆற்றலை அவ்வளவு அருகில் கண்ட ஒருவரே, அறிவியலோடு நின்றுவிடாத கல்வி வேண்டும் என்று குழு அமைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. மருந்தைக் கண்டுபிடிப்பவன் அதை யாருக்கு, என்ன விலையில், என்ன ஆபத்தோடு தருகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியதைப் பிறருக்கு விளங்கச் சொல்லவும் வேண்டும். அந்தப் பயிற்சி எந்தச் சோதனைக் குழாயிலும் கிடைப்பதில்லை. ஆகவே எளிதாகத் தேறலாம் என்ற காரணத்துக்காக மட்டும் பொதுப் பாடத்தைத் தெரிந்தெடுக்காதீர்கள். மருத்துவத்தை நாடுகிறவன் உளவியலையும், சுற்றுப்புற இயலை நாடுகிறவன் பொருளாதாரத்தையும் எடுத்தால், ஒரே பாடம் கணக்குக்கும் ஆகும், வாழ்க்கைக்கும் ஆகும்.

நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, மாணவர் ஈட்டிய அலகுகளைச் சேமித்து வைக்கும் கல்வி வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. ஓரிடத்தில் ஈட்டியதை வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் வழி திறக்கும் இடமெல்லாம், வரிசை பார்த்து ஈட்டவேண்டிய பொறுப்பும் கூடவே வருகிறது.

மாணவ நண்பர்களே, கல்லூரியில் சேரும் நாளில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். அடியில், போய்ச் சேரவேண்டிய இடத்தின் பெயரை எழுதுங்கள். சங்கிலிப் பாடங்களை முதலில் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மனத்தை விரிவாக்கும் இரண்டு பாடங்களுக்கு இடம் விடுங்கள். பிறகு அத்தாளை விவரம் அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாததால் ஓராண்டை இழந்த ஒரு பெண்ணின் தந்தை கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழாதிருக்கட்டும்.