பெற்றவன் பட்ட கடன்

ஈகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கொடுப்பவனுடைய பெருமையையே பேசுகிறோம். பெற்றுக்கொள்பவனுடைய உள்ளம் என்ன பாடுபடுகிறது என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பெறுகின்ற பொருள் நெல்லோ பொன்னோ அன்று, உடன்பிறந்தவனின் உடலிலிருந்து எடுக்கப்படும் ஓர் உறுப்பு என்றால் அந்த உள்ளத்தின் நிலை எப்படியிருக்கும்? இதை அறிய, 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் படுத்திருந்த ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன்.

அவன் பெயர் ரிச்சர்ட் ஹெரிக், வயது 23. கடலோரக் காவற்படையில் பணியாற்றியவன். நோயினால் அவனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. இரத்தத்திலுள்ள கழிவுகளை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் தொழில். அத்தொழில் நின்றுபோனால் கழிவே நஞ்சாகிறது, உடல் வீங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நஞ்சு மூளையையும் விட்டுவைப்பதில்லை. ரிச்சர்ட் சித்தம் கலங்கும் நிலைக்கு வந்துவிட்டான். இரத்தத்தைத் தூய்மை செய்யும் இயந்திரம் அந்நாளில் இருந்ததுண்டு. ஆயினும் அதை நம்பி நெடுங்காலம் உயிர்வாழ முடியாது.

ரிச்சர்டுக்கு ஒரு நற்பேறு இருந்தது. ரொனால்ட் என்ற இரட்டைச் சகோதரன் அவனுக்கு உண்டு. ஒருவருடைய உறுப்பை மற்றொருவருக்குப் பொருத்தினால், உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்த்து அழித்துவிடும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிடத்தில் இந்த எதிர்ப்பு எழுவதில்லை. இவர்கள் அத்தகையவர்கள்தாமா என்று டாக்டர்கள் பலவாறு ஆராய்ந்தார்கள். கைரேகைகளையும் ஒப்பிட்டார்கள், ஒருவன் தோலில் சிறு துண்டெடுத்து மற்றவன் உடலில் ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். அது உதிராமல் நிலைத்து நின்றது.

ஆயினும் ஒரு பெருங்கேள்வி எஞ்சி நின்றது. நோயில்லாத ஒருவனை, அவனுக்கு எவ்விதப் பயனும் இல்லாதபோது, கத்தியால் அறுப்பது மருத்துவ தர்மமாகுமா? டாக்டர்கள் சமயத் தலைவர்களையும் சட்ட அறிஞர்களையும் கலந்து ஆலோசித்தார்கள்.

அதே கேள்வி நோயாளியின் நெஞ்சையும் அறுத்துக்கொண்டிருந்தது. அறுவைக்கு முந்தின இரவு, ரிச்சர்ட் ஒரு சிறு சீட்டு எழுதி ரொனால்டுக்கு அனுப்பினான். இவ்விடத்தை விட்டு வீட்டுக்குப் போய்விடும்படி அதில் எழுதியிருந்தான். தான் பிழைப்பதற்கு அது ஒன்றே வழி என்பதை அறிந்திருந்தும், அந்த வழியை அவனே அடைக்க முற்பட்டான்! தான் போகப் போவதில்லை என்று ரொனால்ட் மறுமொழி எழுதியனுப்பினான். அதன்மேல் பேச்சில்லை.

1954 டிசம்பர் 23-ஆம் நாள் அறுவை நடந்தது. டாக்டர் ஹார்ட்வெல் ஹாரிசன் ரொனால்டின் சிறுநீரகத்தை எடுத்துத் தந்தார். டாக்டர் ஜோசப் மர்ரே அதை ரிச்சர்டின் அடிவயிற்றில் வைத்து இரத்தக் குழாய்களோடு இணைத்தார். 82 நிமிடம் அந்த உறுப்பு இரத்த ஓட்டமின்றிக் கிடந்தது. பின்னர்க் குழாய்களின் பிடியைத் தளர்த்தியதும், வெளுத்திருந்த சிறுநீரகம் செந்நிறம் பெற்றது. சிறுநீரும் சுரக்கத் தொடங்கியது.

ரிச்சர்ட் உடல் தேறினான். மருத்துவமனையில் தன்னைப் பேணிய தாதியையே மணந்துகொண்டான். இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையானான். பழைய நோய் புதிய சிறுநீரகத்தையும் பற்றிக்கொள்ள, 1963-ஆம் ஆண்டில் காலமானான். எட்டு ஆண்டுகள்தானா என்று நீங்கள் கேட்கலாம். அந்த எட்டு ஆண்டுகளில்தான் ஒரு குடும்பம் உண்டாயிற்று. உறுப்பு மாற்றம் மனிதனால் ஆகக்கூடிய காரியம் என்று உலகம் கண்டதும் அவனால்தான். 1962-இல், உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்தின் துணையோடு, இறந்தவர் ஒருவருடைய சிறுநீரகத்தை உறவில்லாத ஒருவருக்கு மர்ரே வெற்றியுடன் பொருத்தினார். 1990-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. எஞ்சிய ஒரு சிறுநீரகத்தோடு ரொனால்ட் 2010 வரையில், 79 வயது வரையில் வாழ்ந்தார்.

மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றைப் படிக்கும்போது அந்தச் சிறு சீட்டை மறந்துவிடாதீர்கள். சகோதரனின் நலத்தை எண்ணித் தன் உயிரையே வேண்டாமென்று சொல்ல முன்வந்தவன்தான், பின்பு அவன் கொடையை ஏற்று வாழ்ந்தான். மறுக்கவும் துணிந்தவன் பணிந்து பெற்றுக்கொள்வதில் இழிவேதும் இல்லை. கொடுத்தவனின் அன்புக்கு அவனும் ஈடு கொடுத்தான் என்றே நான் கருதுகிறேன்.