லீட்ஸிலிருந்து வெம்பிளிக்கு

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் பார்த்த இடங்கள் குறைவு. பார்த்த ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

விசேட வைத்திய நிபுணராவதற்கு முன் ஒரு வருடம் வெளிநாட்டில் பயிற்சி பெறவேண்டியிருந்தது. அதற்காக 2013இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் கணவரும் தங்கள் வீட்டு மேல்மாடி அறையை எனக்குத் தந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த வாய்க்கு அது வருமா? 'ரீச்சர்' என்றே கூப்பிட்டேன். முதல் நாள், "ஐந்தரைக்கு ரீ" என்றார். தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தானே என்று, கொண்டுபோன பருத்தித்துறை வடையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால் மேசை நிறைய இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த கரட். யோர்க்‌ஷயர்ப் பக்கத்தில் இராச்சாப்பாட்டுக்கே 'ரீ' என்றுதான் பெயராம். அவர்களுடைய புடிங்கும் அப்படித்தான். இனிப்பென்று நினைத்தேன், இறைச்சிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.

இரவுகளில் ரீச்சருக்கு எங்கள் பள்ளிக்கூடக் கதைகள் சொல்வேன். அவற்றில் ஒருத்தி அடிக்கடி வருவாள். பெயர் சொல்லவில்லை, எங்கள் வகுப்பினருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் முதலாம் பிள்ளை, நான் இரண்டாம் பிள்ளை. எனக்கு விளங்காத கணக்குகளை இடைவேளையில் அவள்தான் சொல்லித் தருவாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தோடு சனமாக நின்றபோது அவளைக் கடைசியாகக் கண்டேன். நாங்கள் அடுத்த வருடம் திரும்பி வந்தோம். அவர்கள் வன்னி, கொழும்பு என்று போய், பிறகு லண்டனுக்குப் போய்விட்டார்கள்.

"லண்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணித்தியாலம். போய்ப் பார்த்துவிட்டு வா" என்று ரீச்சர் அந்த வருடம் முழுக்கச் சொன்னார். டியூட்டி என்றேன், குளிர் என்றேன். உண்மை வேறு. அவள் வயோதிபர் இல்லமொன்றில் இரவு வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நிபுணராகப் போகிறவள் என்று அவள் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பார்க்காமலே ஊருக்குத் திரும்பினேன்.

போன வருடம் கருத்தரங்கொன்றுக்காக மறுபடியும் போனேன். முதலில் லீட்ஸ். ரீச்சருக்கு இப்போது 84 வயது. கணவர் இல்லை. முழங்கால் நோவால் மேல்மாடிக்கு ஏறுவதில்லை. நான் விட்டுவிட்டு வந்த கம்பளித் தொப்பி அறைக் கதவில் அப்படியே தொங்கியது. கட்டிப்பிடித்தவர், என்னை இருக்கச் சொல்ல முன்னரே கேட்டார்: "அவளைப் பார்த்தாயா?"

அடுத்த நாள் காலை ரயிலேறினேன்.

வெம்பிளி ஸ்ரேஷனில் அவள் நின்றாள். இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது; அந்த விறுவிறு நடை மட்டும் மாறவில்லை. வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். வகுப்புத் தோழிகள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பகல் முழுக்க ஒரே சிரிப்பு. அவர்கள் போனபிறகு, என் கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று கேட்டேன்.

"நீ மெடிக்கல் பக்கல்ரிக்கு எடுபட்டதெண்டு எழுதின கடிதத்தை வாசிச்சுப்போட்டு அண்டைக்கு முழுக்க அழுதனான். அதுக்குப் பிறகு வந்ததுகளை உடைக்கேல்லை. எறியவுமில்லை."

அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். ஏழு கடிதங்கள். நானும் அந்த லீட்ஸ் வருடத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ரெண்டு பேரும் விசரியள்தான்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

புறப்படும்போது எனக்கு ஒரு வேலை தந்தாள். இடம்பெயர்ந்ததால் அவளிடம் பாடசாலை விடுகைப் பத்திரம் இல்லை. "வேலைக்கு ஒண்டும் தேவையில்லையடி. நான் அங்கை படிச்சனான் எண்டு எழுத்திலை ஒண்டு வேணும்" என்றாள்.

அதிபர் அவர்களே, 1990இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள். பழைய சேர்வு இடாப்புகளில் எவை தப்பியிருக்கின்றனவோ தெரியாது. அவளுடைய கையெழுத்திலேயே விண்ணப்பம் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்கு வருகிறேன்.