விற்க மறுத்த கடை

(தென்காசியில் இளைஞர் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. அருவியில் குளித்தவருக்குப் பசிக்கும். எந்த வழியாகத் திரும்புவார், எத்தனை மணி வரை கடை திறந்திருக்கணும், என்ன விலை வைக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போடுவது சந்தைப்படுத்தல். சாலையோரம் வைக்கிற பலகை விளம்பரம். அது அந்தக் கணக்கில் ஒரு பகுதி, அவ்வளவுதான். விளம்பரம் பொய்யும் சொல்லும். ஆனால் பலகையில் கடைப் பெயர் இருக்கும். பரோட்டா சரியில்லை என்றால் அடுத்த முறை நீங்கள் போகமாட்டீர்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு கடையைப் பார்ப்போம். 2022 செப்டம்பர், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டதும் அந்தத் தரப்புதான். காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதைப் படம்பிடித்துக் காட்டுகிற வியாபாரி எங்காவது உண்டா? அந்த வீடியோ மிட்டாய் விற்க எடுத்ததல்ல. கட்டுப்பாட்டை நாங்கள் மீறவில்லை என்று சொந்தச் சாதிக்குக் காட்டியது; அடுத்த தெருவை மிரட்டியது. இது பரப்புரை. பிறகு கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் 6 மாதம் தடை விதித்தது. சந்தை வளர்ந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று சொல்கிற நண்பர்களுக்கு நான் இந்தக் கடையைத்தான் காட்டுவேன்.

பிரச்சாரம் என்ற சொல்லையே வெறுக்க வேண்டியதில்லை. பெரியார் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். ஆனால் தன் பெயரில், மேடையில் நின்று செய்தார். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள் என்றும் சேர்த்தே சொன்னார்.

பெயரில்லாமல் பரவும் பரப்புரைக்கு நம் பக்கத்து மீனாட்சிபுரமே சாட்சி. 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. சாதி இழிவும் காவல்துறைத் தொல்லையும் தாங்கமுடியவில்லை என்றார்கள் அந்த மக்கள். நாடு முழுக்க ஓடிய கதையோ வேறு: அரபுப் பணம் அவர்களை வாங்கிவிட்டதாம். ஒரு மக்கள் கூட்டம் எடுத்த முடிவைச் சந்தைக் கதையாக மாற்றிவிட்டார்கள், கவனியுங்கள். விலை போனவர்கள் என்று சொல்லிவிட்டால் ஊரில் தீண்டாமை இருந்ததா என்ற கேள்வியே எழாது.

சரி, அவர்கள் சொல்கிற கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இஸ்லாத்துக்குப் போகிறவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். படிப்பிலும் வேலையிலும் பிள்ளைகளுக்கு இருந்த அந்த உரிமையைக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். இதில் விலை கொடுத்தது யார்?

இன்றைக்கும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பணக் கதை வரலாம். வந்தால் அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெயரும் இருக்காது.