எந்தக் காகிதம் சாட்சி சொல்லும்?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய உரை)



நம் பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார், நம் தகப்பன் எந்த லயத்தில் பிறந்தார் என்று தேடுவதைச் சிலர் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணில் பிறந்தவர், அரசியல் சட்டத்தின் பொதுவிதிப்படி, பிறப்பாலேயே குடிமக்கள். அந்நாளில் லயத்தில் பிறந்தும் பதியப்படாமல் போனவருடைய உரிமை, ஒரு தேதியையும் ஓர் இடத்தையும் மெய்ப்பிப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே எல்லாக் காகிதத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் எழுதினார்? எப்போது எழுதினார்? எதற்காக எழுதினார்?

அடையாளக் கார்டு 1948இல், அவசரகாலத்தில் வந்தது. அன்று நம் முதியோர் பலரும் வாயால் சொன்ன வயதுதான் அதில் ஏறியது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பிறந்து சில ஆண்டு கழித்து எழுதியதே. ஆயினும் பிள்ளை அந்த ஆண்டில் இந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேடு அப்போதைக்கப்போது எழுதப்பட்டது. கிராணிமார்களான நாங்கள் அறிந்த இன்னொரு சாட்சி, சம்பளக் கணக்கு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தாய்க்கு 60 நாள் பிரசவ அலவன்ஸ் கொடுத்தது. அந்தப் பணம் கொடுத்த கணக்கு கிடைத்தால், பிள்ளை பிறந்த காலமும் அதிலே கிடைக்கும். கணக்கு எழுதியவருக்குப் பிள்ளையின் வயதைக் கூட்டவோ குறைக்கவோ தேவை இருக்கவில்லை.

இன்னும் பின்னே போவோம். போ தோட்டம் தொடங்கியது 1929இல். மலைக்கு வந்த குடும்பங்களில் கீழே ரப்பர்த் தோட்டங்களில் இருந்து வந்தவையும் உண்டு. இங்கே பெயர் கிடைக்காவிட்டால், தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டத்தில் கேளுங்கள். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் கட்டினார். 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. ஆகவே தாத்தாவின் ஊர் தெரியாவிட்டால், அவரோடு ஒரே கங்காணியின் கீழ் வந்தவர்களின் ஊரைக் கேளுங்கள், துப்புக் கிடைக்கும்.

காகிதமே இல்லாத இடமும் உண்டு. 1942-43இல் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட நம்மவர் பலருக்கு இறப்புப் பத்திரம் கிடையாது. அங்கே பாட்டியின் வாய்மொழிதான் ஏடு. ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன ஊர்ப் பெயரும் அவர் வாயில் சரியாக வரும். அவர் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொன்ன தேதியையும், கேட்டவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. மூலப் பத்திரத்தைக் கைவிடாதீர்கள். நகல் எடுத்து வையுங்கள். பதிவுத் துறைக்குத் தனியாகப் போகாமல் சங்கத் தோழரையும் அழைத்துப் போங்கள்.

நம் பெயர் பெரட்டில் இருந்தால் மட்டும் போதாது. நாட்டின் ஏட்டிலும் இருக்க வேண்டும்.