நம்ம நகை, நம்ம கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நகையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. "நம்ம கழுத்துல கிடக்கிறதைப் பத்தி நமக்கே பாடமா?"ன்னு ஒரு மதினி கேட்டாங்க. எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன், அப்புறம் பாடம் வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.

எங்க அப்பத்தா காதுல பாம்படம் கிடந்துச்சு. எங்க அக்கா கல்யாணத்துக்கு அதைக் கழட்டிக் கொடுத்தாங்க. அம்மாவோட நானும் கடைக்குப் போனேன். தராசுல 36 கிராம் காட்டுச்சு. நாலரைப் பவுன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரர் அதை உள்ளே கொண்டுபோய் உருக்கிட்டு வந்து 21 கிராம்னு சொன்னார். "உள்ளே அரக்கும்மா, மேலே தகடுதான் தங்கம். மாத்தும் குறைச்சல்"னார். கடைசியில சேதாரம், செய்கூலி எல்லாம் போக, ரெண்டு பவுன்ல ஒரு சங்கிலி கைக்கு வந்துச்சு. துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

அவர் ஏமாத்தினாரான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. பாம்படம், தண்டட்டி மாதிரி பழைய நகைகள்ல உள்ளே அரக்கு இருக்கிறது உண்மைதான். ஆனா எவ்வளவு அரக்கு, என்ன மாத்துன்னு கேக்க எங்களுக்குத் தெரியல. உருக்குறதைக் கண்ணால பாக்கணும்னும் தோணல. அதுக்கப்புறம் அப்பத்தா பேசும்போதெல்லாம் வெறும் காதைத் தடவிக்கிட்டே பேசுவாங்க. அதனாலதான் இந்தக் கணக்கையெல்லாம் நான் கத்துக்கிட்டேன்.

முதல்ல தரம். 24 காரட்ன்னா சுத்தத் தங்கம். அது மெத்துன்னு இருக்கும், நாணயத்துக்கு ஆகும், நாள்தோறும் போடுற நகைக்குத் தாங்காது. அதனால செம்பு, வெள்ளி கலக்குறாங்க. 22 காரட்ல நூத்துக்கு 91.6 பங்கு தங்கம். 916ன்னு சொல்றது இதைத்தான். 18 காரட்ல 75 பங்கு. கல் பதிச்ச நகையை இதுல செய்வாங்க, கல் பிடிமானமா நிக்கும். 18 காரட் நகைக்கு 22 காரட் விலை போட்டிருக்கான்னு பில்லைப் பாருங்க.

"கேடிஎம் நகைன்னா ஒசத்தி"ன்னு ரொம்ப பேர் நினைக்கிறோம். கேடிஎம்ங்கிறது தரம் கிடையாது. பற்றவைக்கிறப்போ காட்மியம்ங்கிற உலோகத்தைச் சேர்க்கிற முறை அது. அந்தப் புகை ஆச்சாரியோட நுரையீரலுக்குக் கேடு. அதனாலதான் அது ஒதுக்கப்பட்டுச்சு. "ஒரு கிராம் தங்கம்"னு விக்கிறது முலாம் பூசின நகை. போட்டுக்கலாம், தப்பில்லை. அவசரத்துக்கு அடகு வைக்க ஆகாது.

அடுத்தது முத்திரை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு 2000-ம் ஆண்டிலிருந்து ஹால்மார்க் கொடுக்குது. இப்போ வாங்குற நகையில மூணு அடையாளம் இருக்கணும்: முக்கோண வடிவ முத்திரை, 916ங்கிற மாதிரி தர எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாம ஹால்மார்க் நகைன்னு கடையில விக்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில அந்த ஆறு இலக்கத்தைப் போட்டா, என்ன நகை, என்ன தரம், எந்த மையத்துல சோதிச்சதுன்னு காட்டும். கம்மல்னு வாங்கினதுக்கு மோதிரம்னு காட்டுச்சுன்னா அங்கேயே கேளுங்க. முத்திரையில சொன்ன தரம் இல்லைன்னு சோதனையில தெரிஞ்சா, குறைஞ்ச தரத்துக்கான மதிப்புல ரெண்டு மடங்கும் சோதனைச் செலவும் நமக்குத் தரணும்னு விதி இருக்கு. பில் இல்லாம எதுவும் நடக்காது.

முத்திரை இல்லாத பழைய நகையை விக்க முடியாதுன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. விதி கடைக்காரர் விக்கிறதுக்குத்தான், நமக்கு இல்லை. சந்தேகம்னா ஹால்மார்க் மையத்துல சிறு கட்டணம் கட்டிச் சோதிச்சுக்கலாம்.

சேதாரக் கணக்கையும் பாத்துருவோம். ரெண்டு பவுன் சங்கிலி 16 கிராம். சேதாரம் பத்து சதவீதம்னா 1.6 கிராம் சேத்து, 17.6 கிராமுக்குக் காசு கட்டுறோம். மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி. திருப்பிப் போடும்போது 16 கிராம்தான் கணக்கு. கல் நகைன்னா கல் எடையும் கழியும். அதனால அடிக்கடி மாத்துறதுல நமக்குத்தான் நஷ்டம். கல் எடை, தங்க எடை, சேதாரம் தனித்தனியா எழுதின பில் கேளுங்க. பில் உங்க பேருல இருக்கட்டும், வீட்டுக்காரர் பேருல வேண்டாம்.

நம்மில் பாதிப் பேர் பட்டாசு வேலைக்குப் போறோம். இரும்புச் சாமானை உள்ளே விடாததே உலோகம் உரசித் தீப்பொறி வரக் கூடாதுன்னுதான். அதனால வளையலையும் சங்கிலியையும் வீட்டிலேயே வச்சிட்டுப் போங்க. அலுமினியத் தூளும் கந்தகமும் சங்கிலிக் கண்ணிக்குள்ள போய் அப்பிக்கும். தங்கம் கறுக்காது, ஆனா அதுல கலந்த செம்பும் வெள்ளியும் கந்தகம் பட்டா கறுக்கும். அதை விடப் பெரிய விஷயம், இடுப்புல இருக்கிற பிள்ளை நம்ம தாலிச் சங்கிலியைத்தான் வாயில வைக்கும். வேலை விட்டு வந்ததும் கையையும் தாலியையும் கழுவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்க.

கழுவுறதுக்கு வெதுவெதுப்பான தண்ணியில பூந்திக்கொட்டையோ லேசான சோப்போ போதும். பழைய மெல்லிய பிரஷ்ல தேச்சு, பருத்தித் துணியில ஒத்தி எடுங்க. பற்பசை, சாம்பல் போட்டுத் தேச்சா தங்கமே தேயும். பிளீச்சிங் பவுடர் ஆகாது. முத்து, பவளம், அடைச்சுக் கட்டின கல் நகையைத் தண்ணியில ஊறப் போடாதீங்க. வெந்நீர் அரக்கை இளக்கி, கல்லை உதிர்த்துரும். ஈரத்துணியால துடைச்சாப் போதும். ஒவ்வொண்ணையும் தனித்தனித் துணியில சுத்தி வைங்க. மாசத்துக்கு ஒருக்கா கொக்கி, திருகு, தாலி கோத்திருக்கிற வளையம் மூணையும் பாருங்க. தேயுறது அங்கேதான்.

கடைசியா அடகு. ஆலை மூடிக் கிடக்கிற மாசங்கள்ல மஞ்சக் கயிறோட நடக்கிற கழுத்து எத்தனைன்னு நமக்குத் தெரியும். அது வெக்கம் இல்லை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துற கழுத்து அது. ஆனா வைக்கிற இடத்தைப் பாத்து வைங்க. வங்கி, கூட்டுறவு வங்கி, நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதி உண்டு. அடகுக் கடைக்கு 1943-ம் ஆண்டு அடகுக் கடைச் சட்டம் இருக்கு. எங்கே வச்சாலும் எடை போடும்போது பக்கத்துல நில்லுங்க. மொத்த எடை, தங்க எடை, வட்டி, தவணை முடியிற தேதி எழுதின ரசீது வாங்குங்க. முகவரி, போன் எண் மாறினா போய்ச் சொல்லுங்க. ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயி, நகை கை விட்டுப் போன குடும்பம் உண்டு.

2011-ல இருந்து தாலிக்குத் தங்கம் திட்டத்துல 4 கிராம் காசும், 2016-க்கு அப்புறம் 8 கிராம் காசும் வாங்கினவங்க இங்கே இருப்பீங்க. அதை வச்சிருக்கீங்களா, மாத்திட்டீங்களா, எந்தச் சீட்டுல இருக்குன்னு உடனே சொல்ல முடியுமா?

அதனால ஒரே ஒரு கோரிக்கை. குழுவுக்குச் சேமிப்பு நோட்டு போடுற நாம, வீட்டுக்கு ஒரு நகை நோட்டு போடுவோம். நகையின் பேர், எடை, ஆறு இலக்கம், வாங்கின தேதி, அடகு வச்ச இடம், மீட்க வேண்டிய நாள். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுதிக் கொடுக்கட்டும். அந்த நோட்டை யாரும் யாருக்கும் காட்ட வேண்டாம். நோட்டு போட்டாச்சுன்னு மட்டும் அடுத்த கூட்டத்துல கை தூக்கினாப் போதும்.

எங்க அப்பத்தா காதுல கிடந்தது எவ்வளவுன்னு இனிமே யாருக்கும் தெரியப் போறதில்லை. உங்க பேத்திக்காவது தெரியட்டும்.